சுவடிப் படங்களும் கறுப்பு வெள்ளைச் செப்பமும்

1. ஆராய்ச்சியின் நோக்கம்

சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் 1887-ஆம் ஆண்டில் அச்சேற்றினர். அப்பெருமக்கள் ஏடுகளைத் தம் கையில் ஏந்திப் படித்தவர்கள். ஓலையின் முரிவு, பூச்சியரிப்பு, மை மங்கிய இடம் ஆகியவற்றை அவர்கள் தம் கண்ணாலேயே கண்டு தெளிந்தனர். இன்று சுவடியாராய்ச்சியில் ஈடுபடும் மாணவர் பலர் ஏட்டைக் காண்பதில்லை. ஏட்டின் படத்தையே கணிப்பொறித் திரையிற் காண்கின்றனர். அப்படமும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படமாகவே அவர்கள் கைக்கு வருகின்றது. நுண்படச்சுருளிலிருந்து மாற்றப்பெற்றவை ஒருபுறம். வண்ணத்தில் எடுத்துப் பின்னர்ச் சாம்பல் நிறமாக்கியவை மற்றொருபுறம்.

இங்ஙனம் வரும் படம் ஏட்டின் நேர்படியன்று. யாரோ ஒருவர் அதன் ஒளியைக் கூட்டியிருப்பார், ஓரத்தை வெட்டியிருப்பார், கறையைத் துடைத்திருப்பார். ஏடெழுதுவோர் செய்த பிழையைப் பதிப்பாசிரியன் ஆராய்வது போலவே, படத்தைச் செப்பம் செய்வோர் செய்த மாற்றத்தையும் இனி அவன் ஆராய வேண்டியவனாகின்றான். ஆதலின் கறுப்பு வெள்ளை எண்மப் படங்களை எவ்வாறு செப்பம் செய்தல் வேண்டும், எவ்வாறு தொகுத்து வைத்தல் வேண்டும் என்பவற்றைத் தமிழாராய்ச்சியாளர் அறிந்திருத்தல் நன்று. டிஜிட்டல் படம் என்று உலகவழக்கில் கூறப்படுவதனையே ஈண்டு எண்மப் படம் என்கின்றோம்.

2. எண்மப் படத்தின் இயல்பு

எண்மப் படமாவது எண்களின் கட்டம். படத்தை மிகச் சிறு சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொரு சதுரத்தின் ஒளியளவையும் ஓர் எண்ணாற் குறிப்பர். அச்சதுரத்துக்குப் பிக்சல் என்பது பெயர். தமிழெழுத்தின் தலையில் நிற்கும் புள்ளியோடு மயங்காதிருத்தற் பொருட்டு, அதனை ஈண்டுப் பிக்சல் என்றே வழங்குவோம்.

அமெரிக்க நாட்டில் இரசல் கிர்சு என்பவரும் அவர்தம் குழுவினரும் 1957-ஆம் ஆண்டில் ஒரு குழந்தையின் நிழற்படத்தைக் கணிப்பொறிக்குள் ஏற்றினர். அது நீளவாட்டில் 176 பிக்சலும் அகலவாட்டில் 176 பிக்சலும் உடையது. அவர்தம் கருவி ஒவ்வொரு சதுரத்தையும் கறுப்பு அல்லது வெள்ளை என்று மட்டுமே கூறவல்லது. இடைப்பட்ட சாம்பல் நிறத்தை அஃது அறியாது. ஆதலின் ஒரே படத்தை வெவ்வேறு ஒளியெல்லைகளிற் பலமுறை ஏற்றி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் சாம்பல் நிறங்களைப் பெற்றனர். கறுப்பு, வெள்ளை என்னும் இரண்டே நிறங்கள் ஒரு முகத்தைக் காட்டப் போதா என்பதை அவர்கள் முதல் முயற்சியிலேயே உணர்ந்தனர் என்க. ஓர் ஏட்டைக் காட்டுதற்கும் அவ்விரண்டு நிறங்கள் போதா என்பதைப் பின்னர்க் காண்போம்.

1975-இல் கோடாக்கு நிறுவனத்தில் தீவன் சாசன் உருவாக்கிய எண்மப் படக்கருவியும் கறுப்பு வெள்ளைக் கருவியே. அது பதினாயிரம் பிக்சல்களை உடையது. ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிவதற்கு 23 நொடிகள் கொண்டது. வண்ணம் பின்னர் வந்தது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த பிரைசு பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறையே இன்று பெரும்பான்மையான படக்கருவிகளில் உள்ளது. ஒளியை உணரும் நுண்ணறைகள் இயல்பில் நிறமறியாதன. அவற்றின்மீது பாதிக்குப் பச்சை, காற்பங்குக்குச் சிவப்பு, காற்பங்குக்கு நீலம் என நிறவடிகளைப் பதித்து, அண்டை அறைகளின் அளவைக்கொண்டு எஞ்சிய நிறங்களைக் கணித்துக்கொள்வர். இலைக்கா நிறுவனம் 2012-இல் வெளியிட்ட கறுப்பு வெள்ளைக் கருவி ஒன்றில் இந்நிறவடிகளே இல்லை.

ஒளியளவைக் குறிக்கும் எண்ணின் எல்லையும் கருதத்தக்கது. எட்டிலக்கமுடைய படத்தில் முழுக்கருமைக்கும் முழுவெண்மைக்கும் இடையே, அவ்விரண்டையும் உள்ளிட்டு, 256 படிநிலைகள் உண்டு. பதினாறிலக்கமுடைய படத்தில் 65,536 படிநிலைகள் உண்டு. காண்பதற்கு முன்னதே போதும். ஆயின் மங்கிய ஏட்டின் ஒளியை விரித்துச் செப்பம் செய்யுங்கால், முன்னதில் படிநிலைகள் இடையிடையே அற்றுத் திட்டுத்திட்டாகத் தோன்றும். ஆதலின் மூலப்படத்தைப் பதினாறிலக்கத்தில் வைத்துக்கொள்ளுதல் சாலச் சிறந்தது.

3. நிறம் சாம்பலாகும் முறை

வண்ணப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குதல் நிறத்தை நீக்குவதே என்று பலர் கருதுவர். உண்மை அஃதன்று. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களை ஓர் எண்ணாக்குதலே அது. எவ்வெண்ணுக்கு எத்துணை மதிப்புத் தருவது என்பதில் ஒரு தெரிவு அடங்கியுள்ளது. தொலைக்காட்சித் துறையிலிருந்து வந்த பழைய அளவுமுறை ஒன்று, நூற்றுக்குச் சிவப்பு 29.9, பச்சை 58.7, நீலம் 11.4 என்று பங்கிடும். மனிதக்கண் பச்சையொளியை மிகுதியாக உணர்தலின் அப்பங்கு வகுக்கப்பெற்றது. அது கண்ணின் இயல்பு நோக்கிய பங்கேயன்றி ஏட்டின் இயல்பு நோக்கியதன்று.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். வெளிர்மஞ்சள் நிறமான ஓலையின் ஒளியளவு சிவப்பு 200, பச்சை 160, நீலம் 100 எனக் கொள்வோம். அவ்வோலையிற் பட்ட பழுப்புக்கறையின் அளவு 150, 95, 50 என்றும், விளக்குக்கரி தடவிய எழுத்தின் அளவு 50, 45, 40 என்றும் கொள்வோம். மேற்கூறிய பங்கீட்டின்படி ஓலை 165 ஆகும். கறை 106 ஆகும். எழுத்து 46 ஆகும். கறைபடிந்த இடத்தில் எழுத்துக்கும் அதன் நிலத்துக்கும் உள்ள வேறுபாடு 60 மட்டுமே. சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் கறை 150, எழுத்து 50; வேறுபாடு 100 ஆகின்றது. நீலத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலோ கறை 50, எழுத்து 40. வேறுபாடு 10 ஆகச் சுருங்கி, எழுத்துக் கறையினுள் மறைந்துபோகும்.

ஒரே ஏடு, ஒரே வண்ணப்படம். ஆயினும் ஒருவர் கையில் எழுத்துத் தெளிவாகவும் மற்றொருவர் கையில் மறைந்தும் தோன்றுதற்குக் காரணம் இதுவே. பழுப்புக்கறை நிறைந்த ஏடுகளுக்குச் சிவப்பைப் பெரும்பங்காகக் கொள்ளுதல் பயன் தரும். மாறாக, கறையின் பரப்பையே ஆராய விரும்புவோர்க்கு நீலம் உதவும். எல்லா ஏட்டுக்கும் ஒரே பங்கு என்று விதித்தல் பொருந்தாது. எப்பங்கு கொள்ளப்பட்டது என்பதை எழுதிவைத்தல் மட்டும் எல்லா ஏட்டுக்கும் பொதுவிதியாகும்.

பழைய நிழற்படங்களை நோக்குவார்க்கும் இவ்வறிவு வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைக்காலத்துத் தகடுகளும் தாள்களும் நீலவொளியையே பெரிதும் உணர்ந்தன. ஆதலின் அப்படங்களில் நீலவானம் வெறும் வெண்மையாகவும், செந்நிறப் பொருள்கள் கரியனவாகவும் காணப்படும். அக்கருமையைக் கொண்டு அப்பொருளின் நிறத்தை முடிவு செய்தல் கூடாது.

4. திரைப்பு காட்டும் பாடம்

சென்னை மாகாண அரசினரால் 1856-இல் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்ற இலின்னேயசு திரைப்பு என்னும் படைத்துறையாளர், 1858-இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சூழ்ந்துள்ள கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாகப் படமெடுத்து, இருபத்தொரு படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரு தொடர்படமாக்கினார். தமிழ்க் கல்வெட்டுகளை வரிசை பிறழாது நிழற்படத்தில் அமைத்த பெருமுயற்சிகளுள் இது மிக முற்பட்டது எனலாம்.

அவரே தம் காட்சிப்படங்கள் சிலவற்றில் வேறொரு செயலையும் செய்தார். வெறுமையாய்த் தோன்றிய வானத்தில் மேகங்களையும், மரங்களில் தெளிவுறாத தழைகளையும் எதிர்ப்படத்தின்மீது வண்ணம் தீட்டிச் சேர்த்தார். அக்காலத்துப் படப்பொருளின் குறையை அவர் தம் கைத்திறத்தால் நிரப்பினார் என்க. காட்சியின் அழகை நாடுவோர்க்கு அது குற்றமாகாது. ஆயின் அவ்வுரிமையை எழுத்துள்ள படத்தின்மீது ஒருவர் கொண்டால் விளைவு என்னாகும்? மேகம் ஒன்று மிகையாக இருப்பதனால் வரலாறு மாறாது. கல்வெட்டில் ஒரு கோடு மிகையாக இருந்தால் நில அளவு மாறும், ஆட்சியாண்டு மாறும். ஆகவே காண்பதற்குரிய படம், படிப்பதற்குரிய படம் என இருவகையாகப் பகுத்து, பின்னதற்குத் தனிவிதி வகுத்தல் வேண்டும். அவ்விதிகளையே இனிக் கூறுகின்றோம்.

5. செப்பத்தின் எல்லை

படிப்பதற்குரிய படத்திற் செய்யத்தக்கன சில, செய்யத்தகாதன சில.

செய்யத்தக்கனவற்றுள் முதலாவது கருமை வெண்மை எல்லைகளை அமைத்தல். ஒவ்வோர் ஒளியளவிலும் எத்தனை பிக்சல்கள் உள்ளன என்பதைக் காட்டும் வரைபடம் செப்பக் கருவிகள் எல்லாவற்றிலும் உண்டு. மங்கிய ஏட்டின் வரைபடம் நடுவிற் குவிந்து இருபுறமும் வெறுமையாக இருக்கும். அவ்வெறுமையை நீக்கி, மிகக் கருமையானதைக் கருமையெல்லைக்கும், மிக வெண்மையானதை வெண்மையெல்லைக்கும் கொணர்ந்தால் எழுத்துத் தெளியும். எல்லைக் கோடுகளை வரைபடத்தின் உட்புகுத்துதல் ஆகாது. உட்புகுத்தினால் வெவ்வேறு கருமைகள் ஒரே கருமையாகி, கோட்டின் மெலிவும் வலிவும் அழிந்துபோகும்.

இரண்டாவது, இடைநிறங்களை ஏற்றி இறக்கும் வளைகோடு. எழுத்துக்கும் ஓலைக்கும் நடுவணதாகிய ஒளியளவிற் கோட்டைச் சற்றே செங்குத்தாக்கினால் மெல்லிய கீறல்களும் விளங்கித் தோன்றும். மூன்றாவது, சாய்ந்த ஏட்டை நேராக்குதல். இம்மூன்றும் உள்ளதனை விளக்குவன. இல்லதனைப் படைப்பன அல்ல. இவற்றையும் மூலப்படத்தின்மீது நேரே செய்யாது, மாற்றங்களைத் தனிக்குறிப்பாகவோ தனியடுக்காகவோ வைத்திருக்கும் முறையிற் செய்தல் வேண்டும். அவ்வாறு செய்யின் வேண்டும்போது மாற்றத்தை நீக்கி மூலத்தைக் காணலாம்.

ஓரம் வெட்டுதலில் விழிப்பு வேண்டும். ஏட்டின் இடப்பக்க விளிம்பிலேயே ஏட்டெண் எழுதப்பட்டிருத்தல் பெருவழக்கு. அழகு கருதி விளிம்பை வெட்டினால் ஏட்டெண் போம். அதனோடு ஏட்டின் முறைவைப்பும் போம். நூற்கயிறு கோத்த துளை, முரிந்த விளிம்பின் வடிவு, அருகில் வைத்த அளவுகோல் ஆகியவையும் படத்தில் இருத்தல் வேண்டும். முரிந்து பிரிந்த துண்டு ஒன்று பிற்காலத்தில் வேறொரு கட்டிற் கிடைக்குமாயின், விளிம்பின் வடிவே அதனைப் பொருத்திக் காட்டும்.

செய்யத்தகாதனவற்றை இனிக் காண்போம். ‘தூசு நீக்கல்’ என்னும் செயல் சுற்றியுள்ளவற்றோடு ஒவ்வாத சிறு பொட்டுகளைத் தானே தேடி அழிக்கும். தமிழுக்கு இது பேரிடர் தருவது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பதும், எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பதும் தொல்காப்பியம் கூறும் எழுத்திலக்கணம். ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சினர் என்பர். அதனால் அரிதாக ஓரிடத்தில் இடப்பெற்ற புள்ளி பதிப்பாசிரியனுக்குப் பொன்போன்றது. அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளி, ஓர் அங்குலத்துக்கு 150 பிக்சல் அளவில் எடுத்த படத்தில் மூன்று பிக்சல் அகலமே உடையதாகும். தூசு நீக்கும் கருவிக்கு அது தூசே. ஏடெழுதியவன் இட்ட புள்ளியைக் கருவி ஓசையின்றி அழித்துவிடும்.

இதற்கு எதிர்மாறான இடர் இருநிறமாக்கலால் வருவது. ஓர் ஒளியளவை எல்லையாகக் கொண்டு, அதன் கீழ்ப்பட்டவற்றையெல்லாம் முழுக்கருமையாகவும் மேற்பட்டவற்றையெல்லாம் முழுவெண்மையாகவும் ஆக்குவதே இருநிறமாக்கல். அச்சுநூற் பக்கங்களின் கோப்பைச் சுருக்குதற்கு இதனை மிகுதியும் கையாள்வர். ஏட்டைக் கரிய துணியின்மீது வைத்துப் படமெடுத்திருந்தால், பூச்சி துளைத்த இடத்தில் அத்துணியின் கருமை தோன்றும். சாம்பல் நிறப் படத்தில் அத்துளையின் விளிம்பு நிழலும், கரியெழுத்தினின்று வேறாகிய அதன் கருமையும் அது துளையே என்று காட்டிவிடும். இருநிறமாக்கிய படத்திலோ துளையும் கருமை, எழுத்தும் கருமை. எழுத்தின் தலையில் நேர்ந்த துளை புள்ளியாகிவிடும்.

செறு என்பது வயல். சேறு என்பது குழைந்த மண். எகர ஏகாரங்களுக்கு வேறு கொம்பின்றி எழுதிய ஏட்டில் இரண்டும் ஒரே வடிவின. மருதநிலத்தைப் பாடும் செய்யுளில் இரண்டும் பொருந்தலாம். எழுத்தின்மேல் ஒரு புள்ளி காணப்படின் பதிப்பாசிரியன் செறு என்றே துணிவான். அப்புள்ளி ஏடெழுதியவன் இட்டதா, பூச்சி இட்டதா என்பதை இருநிறப் படம் கூறாது. ஒரு செல்லின் வாய் ஒரு பாடத்தை உண்டாக்கிவிடும் என்பது நகைத்தற்குரியதன்று. ஆதலின் ஏடுகளை இருநிறமாக்குதல் கூடாது; துளையின் நிறமும் எழுத்தின் நிறமும் வேறாகத் தோன்றுமாறு, கருமையல்லாத நிலத்தின்மீது வைத்துப் படமெடுத்தலும் வேண்டும்.

கோப்பைச் சுருக்குதலிலும் இடர் உண்டு. ஒத்த வடிவுடைய எழுத்துகளை ஒன்றெனக் கொண்டு, ஒருமுறை மட்டும் சேமித்துப் பலவிடத்தும் அதனையே பதிக்கும் சுருக்கமுறை ஒன்று இருநிறப் படங்களுக்கு உண்டு. அம்முறையால், பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றன் நகற்பொறிகள் 6 என்னும் இலக்கத்தை 8 என மாற்றிப் பதித்தமையைச் செருமானியக் கணிப்பொறியறிஞர் ஒருவர் 2013-இல் வெளிப்படுத்தினார். அம்மாற்றம் மங்கலாகவோ சிதைந்தோ தோன்றவில்லை. தெளிவான இலக்கமாகவே தோன்றியது. ணகரமும் னகரமும், காலும் ரகரமும் நெருங்கிய வடிவின ஆதலின் தமிழெழுத்துக்கும் இவ்விடர் உண்டு.

கூர்மைப்படுத்தல் என்னும் செயல் கோட்டின் இருபுறத்தும் வெண்ணிழல் ஒன்றை உண்டாக்கிக் கோட்டை எடுத்துக்காட்டும். அளவு மிகுந்தால் ஒற்றைக்கோடு இரட்டைக்கோடு போலாகும். ஆதலின் அதனை அச்சிடுவதற்குரிய படியில் மட்டும் சிறிதளவு செய்யலாம்.

செயற்கை நுண்ணறிவு கொண்டு பழைய படங்களைப் புதுக்கும் கருவிகள் இக்காலத்தில் எளிதிற் கிடைக்கின்றன. அவை அழிந்த பகுதியை, தாம் முன்பு கண்ட பல்லாயிரம் படங்களின் வழியே உய்த்துணர்ந்து நிரப்புகின்றன. சிதைந்த எழுத்தைப் பதிப்பாசிரியன் ஊகித்து நிரப்புவதும் உண்டு. ஆயின் அவன் அதனைப் பகர வளைவுக்குள் இட்டுத் தன் ஊகம் எனக் காட்டுவான், காரணமும் கூறுவான். கருவி தன் ஊகத்தை ஏட்டின் எழுத்தாகவே வரைந்துவிடும். எதனைக் கண்டது, எதனைப் படைத்தது என்று அது பிரித்துக் காட்டாது. படிப்பதற்குரிய படங்களில் இக்கருவிகளுக்கு இடமில்லை என்பது எம் துணிபு.

6. மூன்று படிகள்

மேற்கூறியவற்றால் ஒவ்வோர் ஏட்டுப்பக்கத்துக்கும் மூன்று படிகள் வேண்டும் என்பது பெறப்படும். முதலாவது மூலப்படி: வண்ணத்தில், சுருக்கமின்றி எடுத்தது, எக்காலத்தும் எவராலும் மாற்றப்படாதது. இரண்டாவது ஆய்வுப்படி: மூலப்படியிலிருந்து நிறப்பங்கு குறித்துச் சாம்பல் நிறமாக்கி, ஒளியெல்லை அமைத்தது. மூன்றாவது வழங்குபடி: திரையிற் காண்பதற்கும் அச்சிடுவதற்கும் சுருக்கியது. முதலிரண்டையும் டிஃப் என்னும் கோப்புவகையிலும், மூன்றாவதனை 1992-இல் தரப்படுத்தப்பெற்ற ஜேபெக் என்னும் வகையிலும் வைத்தல் வழக்கம். ஜேபெக் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் சிறிது சிறிதாக நுண்மையை இழக்கும். ஆதலின் அது மூலப்படி ஆகாது.

இதற்கு ஆகும் இடத்தையும் கணக்கிடுவோம். 40 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் உடைய ஏட்டை, அங்குலத்துக்கு 600 பிக்சல் அளவில் எடுத்தால், நீளம் ஏறத்தாழ 9,450 பிக்சலும் அகலம் 945 பிக்சலும் ஆகும்; மொத்தம் ஏறத்தாழ 89 இலட்சம். மூன்று நிறமும் பதினாறிலக்கமுமாகக் கொண்டால் ஒரு பக்கத்துக்கு 54 மெகாபைட்டு ஆகும். 200 ஏடுகள் கொண்ட சுவடி ஒன்றுக்கு இருபக்கமும் சேர்த்து 400 படங்கள்; அவை 22 கிகாபைட்டுக்குள் அடங்கும். ஏட்டின் ஓரத்தைச் சூழ விடும் இடத்தையும் சேர்த்தால் இன்னும் சிறிது மிகும். இக்காலத்தில் இவ்வளவு இடத்துக்கு ஆகும் செலவு சிறிதே. இடத்தை மிச்சப்படுத்துதற்பொருட்டு மூலப்படியைச் சுருக்குதல் விதைநெல்லைக் குற்றியுண்பது போலாம்.

7. பெயரிடும் முறையும் குறிப்பெழுதும் முறையும்

படங்கள் நன்கு எடுக்கப்பெற்றும் தொகுக்கும் முறை இன்மையால் பயனற்றுப்போதல் உண்டு. படக்கருவி தானே இடும் பெயர் ஒரு தொடரெண் மட்டுமே. எச்சுவடி, எவ்வேடு என்பதனை அது கூறாது. ஆதலின் நிறுவனக் குறியீடு, சுவடியெண், பட வரிசையெண், முன்பக்கம் அல்லது பின்பக்கம், படியின் வகை என்னும் ஐந்தும் இம்முறையே கோப்பின் பெயரில் அமைதல் வேண்டும். எண்களை ஒரே இலக்க அளவில் எழுதுதல் வேண்டும். நான்காம் படத்தை 4 என்று எழுதாது 004 என்று எழுதினாலன்றிச் சில நிரல்கள் 4-க்கு முன் 10, 11, 100 ஆகியவற்றை வரிசைப்படுத்திவிடும்.

ஈண்டு நுட்பமான செய்தி ஒன்று உண்டு. பட வரிசையெண் வேறு. ஏட்டில் எழுதப்பட்டுள்ள ஏட்டெண் வேறு. சுவடியில் ஏடுகள் விடுபட்டும் இடம்மாறியும் இருத்தல் இயல்பு. படத்தைத் தொகுப்போர், ஏடுகள் இருக்கவேண்டும் எனத் தாம் கருதும் வரிசையிற் படங்களை மாற்றி அடுக்கிவிடின், சுவடிக்கட்டு கிடைத்த நிலை மறைந்துபோகும். கட்டில் இருந்த வரிசையையே பட வரிசையாகக் கொண்டு, ஏட்டெண்ணைத் தனிக்குறிப்பில் எழுதுதல் வேண்டும். முறைப்படி அடுக்குதல் ஆராய்ச்சியாளன் கடமை. அதனை அவன் குறிப்புகளைக் கொண்டு செய்துகொள்வான்.

ஏட்டெண்ணைப் படிப்போர் தமிழ் எண்களை அறிந்திருத்தல் இன்றியமையாதது. ஒன்று ககரம் போலவும், இரண்டு உகரம் போலவும், பத்து யகரம் போலவும் இருக்கும். பழைய முறையிற் சுழியம் இல்லை. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் உண்டு. ௨௰ என்பது இருபது. ௰௨ என்பது பன்னிரண்டு. இதனை அறியாதார் ‘உய’ என்னும் எழுத்துகள் விளிம்பில் உள்ளன என்று குறிப்பெழுதின், இருபதாம் ஏடு பட்டியலில் இல்லாததாகிவிடும்.

படத்துக்குள்ளேயே குறிப்பெழுதி வைக்கும் வசதி உண்டு. நூற்பெயர், சுவடியெண், இருப்பிடம், படமெடுத்த நாள், கருவி, ஒளியமைப்பு, சாம்பலாக்கிய நிறப்பங்கு, ஒளியெல்லை, செப்பம் செய்தவர் என்பன அதில் இடம்பெறுதல் வேண்டும். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பிற் காட்டாத பதிப்பை நாம் நம்புவதில்லை. செப்பக் குறிப்பில்லாத படத்தையும் அங்ஙனமே கருதுதல் தகும்.

குறிப்பை யூனிக்கோடு முறையில் எழுதுதல் வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் எழுத்துருவுக்கு ஓர் எழுத்துமுறையாகப் பல வழங்கின. அவ்வெழுத்துருக்களில் எழுதிய பட்டியல்கள் பல இன்று பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. தமிழ்நாட்டரசு 2010-இல் யூனிக்கோடு முறையை ஏற்றுக்கொண்டது. பழைய பட்டியல்களை அம்முறைக்கு மாற்றுதலும் படத்தொகுப்புப் பணியின் ஒரு கூறே.

8. காப்பு

மூன்று படிகள், இருவகைக் கருவிகளில், ஒரு படி வேற்றூரில் என்பது உலகெங்கும் தொகுப்பாளர் கைக்கொள்ளும் எளிய விதி. இவ்விதியின் தேவையைத் தமிழர் பெருந்துயரால் அறிந்துள்ளனர். 1981-ஆம் ஆண்டு மே இறுதியிலும் சூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சேர்ந்து அழிந்தன. படியுள்ள நூலை மீண்டும் வாங்கலாயிற்று. படியில்லாத ஏட்டை மீட்டற்கு வழியில்லை. எண்மப் படத்துக்குப் படியெடுத்தல் ஏட்டுக்குப் படியெடுத்தல் போல் அரியதன்று. சில நிமிடங்களில் முடிவது. அங்ஙனமிருந்தும் ஒரே வன்தட்டில் ஒரே அறையில் வைத்திருத்தல் பொறுத்தற்குரிய குறையன்று.

படிகள் பல இருப்பினும் அவை ஒத்துள்ளனவா என்று அறிதல் வேண்டும். ஒரு கோப்பின் எண்களையெல்லாம் கணித்து ஒரு சரிபார்ப்பெண் பெறும் முறை உண்டு. கோப்பில் ஓர் இலக்கம் மாறினும் அவ்வெண் முற்றிலும் வேறாகும். படமெடுத்த நாளிலேயே மூலப்படிகளின் சரிபார்ப்பெண்களைப் பட்டியலாக எழுதி, ஆண்டுக்கொருமுறை மீண்டும் கணித்து ஒப்புநோக்கினால், பழுதுற்ற படியைக் கண்டு நல்ல படியிலிருந்து அதனைப் புதுப்பிக்கலாம்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சுவடிப் படத்தைச் செப்பம் செய்தல் பதிப்புப் பணியின் முதற்படியே என்பதும், அதனைத் தொழிலறிவுடையோரிடம் மட்டும் விட்டுவிடாது எழுத்தறிவுடையோரும் உடனிருந்து நடத்துதல் வேண்டும் என்பதும் பெறப்படும். கருவியை இயக்குவோர்க்குப் புள்ளி இன்னதென்று தெரியாது. புள்ளியை அறிந்த புலவர்க்குக் கருவி என்ன செய்யும் என்று தெரியாது. இவ்விருவர்க்கும் இடையிலே பாடம் கெடுகின்றது. சுவடியியல் பயிலும் மாணவர்க்கு ஒரு மூலப்படியைக் கொடுத்து, அதனை மூவகை நிறப்பங்கிற் சாம்பலாக்கி, ஒவ்வொன்றிலும் தாம் படித்த பாடத்தை எழுதி ஒப்பிடுமாறு பயிற்சி தருதல் நன்று. மூன்றும் ஒத்துவரின் பாடம் உறுதிப்படும். ஒவ்வாதவிடத்து மூல ஏட்டையே நேரிற் சென்று காண்டல் வேண்டும். படம் எத்துணைச் சிறந்ததாயினும், ஐயம் நிகழ்ந்தவிடத்து முடிவு கூறுவது ஏடே.